தன் பெயரை மீட்ட பாம்பு
(சேர்வராயன் மலைக் கேடயவால் பாம்பைப் பற்றிய விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்வவையில் ஏற்காட்டுக்குச் சென்று வராத குடும்பம் ஒன்றேனும் இருக்குமா என்பது ஐயமே. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் ஏரி, படகு, பகோடா முனை, சேர்வராயன் கோயில், கோடை விழாவில் மலர்க் கண்காட்சி. இவற்றையெல்லாம் கண்டு களித்து, காப்பித்தூளும் மிளகும் வாங்கிக்கொண்டு மாலைக்குள் இறங்கிவிடுவதே வழக்கம். ஆனால் அந்த மலையில் தோன்றி, அந்த மலைமண்ணையே உலகமாகக் கொண்டு வாழும் உயிர் ஒன்று அங்கே உண்டு. படகுத்துறைக்கும் மலர்க் கண்காட்சிக்கும் செல்வோர் அதன் தலைக்கு மேலேயே நடந்து செல்கின்றனர். அதனைக் கண்டவர் மிகச் சிலர். அச்சிலருள்ளும் பலர், கண்ட கணத்திலேயே மண்வெட்டியால் அதனை இரு துண்டாக்கியவர்கள்.

அதனைச் சேர்வராயன் மலைக் கேடயவால் பாம்பு எனலாம். அறிவியலார் வழங்கும் பெயர் யூரோபெல்டிஸ் ஷார்ட்டியை. அப்பாம்பு எந்நிலையில் உள்ளது, அதற்கு அழிவு வருமா வராதா என்பது இன்றைய பேச்சின் பொருள். ஆனால் அவ்வினாவைக் கேட்பதற்கே ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குக் காரணம் ஒரு பெயர் தொலைந்து போனது. எனவே பெயரின் வரலாறும் இப்பேச்சில் பாதியிடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் உருவம். பாம்பு என்றவுடன் படமும் நஞ்சுமே நினைவுக்கு வருகின்றன. கேடயவால் பாம்புகளுக்கு இரண்டும் இல்லை. பெரும்பாலானவை ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை நீளமுடையவை; விரல் பருமனே இருக்கும். தலை சிறியது, கூரியது. கழுத்து என்று தனியே சுட்ட ஒன்றும் இராது. கண்கள் கடுகளவு. செதில்கள் எண்ணெய் தடவியவைபோல் வழவழப்பானவை. வெயிலில் பிடித்தால் அவற்றின்மேல் வானவில்லின் நிறங்கள் ஓடும். ஈரமண்ணிலிருந்து எடுத்தாலும் அவ்வுடலில் மண் ஒட்டியிராது.

வால்தான் விந்தை. கரும்பைச் சாய்வாக வெட்டினால் முனை எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் பல இனங்களின் வால்முனை. அவ்வெட்டுமுகத்தின்மேல் சொரசொரப்பான செதில்கள் அமைந்திருக்கும். உடம்பில் ஒட்டாத மண் இங்கே மட்டும் அப்பிக்கொள்ளும். பாம்பு வளைக்குள் நுழைந்ததும் அந்த மண்கட்டியே பின்னால் கதவாக நின்று வழியை அடைத்துவிடும். ஊரா என்னும் கிரேக்கச் சொல்லுக்கு வால் என்றும், பெல்டே என்பதற்குச் சிறு கேடயம் என்றும் பொருள். யூரோபெல்டிஸ் என்னும் பெயர் அவ்வாறு பிறந்தது. கேடயவால் என்னும் தமிழ்ச்சொல் அதன் நேர்பெயர்ப்பே ஆயினும், முதலில் இங்கேயே பிறந்தது போன்று பொருந்திவிட்டது.

பகை வரும்போது இப்பாம்பு தலையை உடம்புக்கு அடியில் மறைத்துக்கொண்டு வாலைக் காட்டும். தடித்து மழுங்கிய அவ்வாலைத் தலையென்று எண்ணிப் பறவையோ வேறு விலங்கோ கொத்தினால், இழப்பு வாலோடு நிற்கும்; தலை தப்பும். மனிதர் கையில் எடுத்தாலும் கடிப்பதில்லை. விரலைச் சுற்றிக்கொண்டு, விரல் இடுக்கில் தலையை நுழைத்து, மண்ணுக்குள் வழி தேடுவது போலத் தேடும். அவ்வளவே அதன் எதிர்ப்பு.

மண்ணுக்குள் அது எவ்வாறு செல்கிறது என்பதை ஆராய்ந்தவருள் தலைசிறந்தவர் கார்ல் கான்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர். அவரும் உடன் ஆய்வாளரும் 1978இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை ஒன்று, இப்பாம்பின் உடலைச் சரக்கு இரயிலுக்கு ஒப்பிடுகிறது. உடலின் முன்பகுதித் தசை நெடுநேரம் களைப்பின்றி உழைக்கும் வகையைச் சேர்ந்தது. குருதியிலிருந்து உயிர்வளியை வாங்கித் தேக்கிவைக்கும் செந்நிறப் பொருள் அதில் மிகுதி. பின்பகுதித் தசையில் அது குறைவு. அதாவது முன்னே இழுவை எந்திரம், பின்னே சரக்குப் பெட்டிகள். முன்பகுதியில் முதுகெலும்பு தோலுக்குள்ளேயே வளைந்து நெளிந்து உடலைப் பருக்கச் செய்கிறது. பருத்த உடல் வளையின் சுவரை அழுத்திப் பற்றிக்கொள்ள, தலை ஆப்புப் போல முன்னே பாய்கிறது. பின்னர் மற்றப் பகுதி இழுபட்டு வருகிறது. மலைமண்ணைக் குடைவதற்கென்றே வடிவான உடல் இது. மண் இறுகிப் போனாலோ, காய்ந்து போனாலோ அவ்வுடலுக்கு வேறு தொழில் தெரியாது.

உணவு பெரும்பாலும் மண்புழு. முட்டையிடுவதில்லை, குட்டி ஈனும் இனம். ஒரு முறைக்குச் சில குட்டிகளே. வெப்பம் பொறாது, குளிர்ந்த, ஈரமான மண்ணே வேண்டும். பெருமழை பெய்து வளைகளில் நீர் புகும்போது சில வேளை மேலே வரும். அவ்வேளையில்தான் சாலையில் வண்டிச் சக்கரத்துக்கும் வீட்டு வாசலில் துடைப்பக் கட்டைக்கும் இரையாகும்.

மலைவாழ் மக்களும் தோட்டத் தொழிலாளரும் இதனை மண்ணுளிப் பாம்பு என்றும், இருதலைப் பாம்பு என்றும் பொதுப்படச் சொல்வதுண்டு. ஆனால் சமவெளியில் மண்ணுளி என்றும் இருதலை மணியன் என்றும் வழங்கும் பாம்பு வேறு; அது தடித்தது, மலைப்பாம்பை ஒத்த தோற்றமுடையது. நக்கினால் தொழுநோய் வரும் என்று அதன்மேல் சுமத்தப்பட்ட பழியை, பெயர் ஒற்றுமையால் இச்சிறு பாம்பும் சேர்த்துச் சுமக்கிறது. வேறு சிலர் இதனைப் பெரிய மண்புழு என்றே எண்ணிவிடுவர். புழுவை ஈரறிவுயிர் என்றும் பாம்பை ஐயறிவுயிர் என்றும் சமண நூல்கள் வகுத்திருப்பது இவ்வவையினர் அறிந்ததே. அக்கணக்கின்படி, இதனைப் புழுவென்று மிதித்துச் செல்பவர் மூன்று அறிவைக் குறைத்து மதிப்பிட்டவர் ஆவர்.

இனி, பெயரின் கதை.

ரிச்சர்டு ஹென்றி பெடோம் என்பவர் சென்னை மாகாணப் படையில் அலுவலராக வந்து, வனத்துறைக்கு மாறி, 1882 வரை அத்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். தென்னிந்திய மலைகளில் அவர் கால் படாத உச்சி குறைவு. பெரணி முதலிய செடிகொடிகளில் வல்லவர். எனினும் கேடயவால் பாம்புகளின்மேல் அவருக்கு இருந்த ஈடுபாடு தனிப்பட்டது. இன்று அறியப்படும் இந்தியக் கேடயவால் பாம்புகளுள் கணிசமானவற்றுக்கு முதன்முதல் விளக்கம் எழுதியவர் அவரே. 1863இல் அவர் விளக்கியவற்றுள் ஒன்று சேர்வராயன் மலையில் கிடைத்தது. தம் காலத்தில் சென்னை மாகாணத்தில் மருத்துவராக விளங்கிய, தென்னிந்திய மலைகளைப் பற்றி நூலும் எழுதிய ஜான் ஷார்ட் என்பவரின் பெயரை அதற்குச் சூட்டினார்.

அதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1829இல், பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் கூவியே வேறொரு கேடயவால் பாம்புக்கு யூரோபெல்டிஸ் சிலானிகஸ் என்று பெயரிட்டிருந்தார். சிலோன் நாட்டுக் கேடயவால் என்பது அதன் பொருள். தம் கையில் கிடைத்த பாம்பு இலங்கையிலிருந்து வந்தது என்று அவர் நம்பினார். உண்மையில் அப்பாம்பு இலங்கையிலேயே இல்லை. மேற்குத்தொடர்ச்சி மலைக்கு உரியது. ஆயினும் பெயரிடும் விதிகளின்படி, ஒரு முறை சூட்டிய பெயர் பொருளில் பிழையாயினும் நிலைத்துவிடும். இலங்கையில் இல்லாத பாம்பு இன்றும் இலங்கைப் பெயரோடு கேரள மலைகளில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. இலக்கணத்தில் இடுகுறிப்பெயர் என்று ஒன்று உண்டு. ஆனால் பொருள் தவறிய காரணப்பெயரை என்னவென்று சொல்வது?

பின்னர் வந்த பட்டியல் ஆசிரியர்கள், பெடோம் தனித்தனியே பெயரிட்ட பல பாம்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வேறுபாடு போதாது என்று கருதியவற்றை ஒன்றாகச் சேர்த்தனர். அவ்வகையில் சேர்வராயன் மலைப்பாம்பு, இலங்கைப் பெயர் தாங்கிய மேற்குமலைப் பாம்புக்குள் கரைந்தது. ஷார்ட்டியை என்பது தனி இனத்தின் பெயராக இல்லாமல், மற்றொரு பெயரின் கீழ் அடைக்கப்பட்ட பழம்பெயராயிற்று. நூறாண்டுக்கு மேல் அந்நிலையே நீடித்தது. அவ்வாசிரியர்களை முற்றும் குறைகூறுவதற்கில்லை. அவர்கள் முன்னிருந்தவை சாராயத்தில் ஊறி நிறம் வெளுத்த சில உடல்கள். மலையோ பல்லாயிரம் கல் தொலைவில் இருந்தது. இங்கேயே வாழ்ந்தவரும் அம்மண்ணைக் கிளறிப் பார்க்கவில்லை என்பது அதைவிடப் பெரிய குறை.

2014ஆம் ஆண்டில் எஸ். ஆர். கணேஷ், ஏங்கல்ஸ், எரிக் ராமானுஜம் ஆகிய மூவரும் இச்சிக்கலை மீண்டும் எடுத்தனர். அருங்காட்சியக உடல்களோடு உடல்களை ஒப்பிட்டு, செதில் அமைப்பையும் பிற உறுப்பு வேறுபாடுகளையும் ஆராய்ந்து, சேர்வராயன் மலைப்பாம்பு தனி இனமே என்று நிறுவினர். பெடோம் இட்ட பெயர் உயிர்பெற்றது. ஆய்வாளர் மூவரும் தமிழ்நாட்டில் இருந்து பணி செய்தவர்கள் என்பது இங்கே குறிக்கத்தக்கது.

பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, பாம்புக்கு அது தெரியுமா என்று கேட்கலாம். பாம்புக்குத் தெரியாது; ஆனால் அதன் தலையெழுத்து அப்பெயரில்தான் எழுதப்படுகிறது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964 முதல் சிவப்புப் பட்டியல் என்னும் ஏட்டைப் பேணி வருகிறது. உலகின் எந்த உயிரினம் எந்நிலையில் உள்ளது என்பதை அது வகைப்படுத்துகிறது. கவலை குறைந்த இனம் என்பதில் தொடங்கி, அச்சுறுத்தலை அண்மித்த இனம், அழிய வாய்ப்புள்ள இனம், அருகிய இனம், மிக அருகிய இனம் என்று ஏறி, அற்றுப்போன இனம் என்பதில் முடியும் படிநிலை அது. இவற்றுக்கு வெளியே, தரவு போதாத இனம் என்று ஒரு பிரிவும் உண்டு. அரசுகளும், ஆய்வுக்குப் பொருள் வழங்கும் நிறுவனங்களும், காடழிப்புக்கு இசைவு தரும் குழுக்களும் முதலில் புரட்டிப் பார்ப்பது இவ்வேட்டையே.

இப்போது சேர்வராயன் மலைப்பாம்பின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். மேற்குத்தொடர்ச்சி மலையில் நெடும்பரப்பில் வாழும் யூரோபெல்டிஸ் சிலானிகஸ், பரந்து வாழ்வதனாலேயே கவலை குறைந்த இனம் என மதிப்பிடப்பட்டது. அம்மதிப்பீட்டில் பிழை இல்லை. ஆனால் கிழக்கே, தனித்த ஒரு மலையில் ஒடுங்கி வாழும் இப்பாம்பும் அப்போது ஏட்டளவில் அதே இனம். ஆகவே அதன்மேலும் கவலை குறைந்தது என்ற முத்திரையே விழுந்தது. பெரிய கூட்டுக்குடும்பத்தின் சொத்துக் கணக்கில், தனித்து வாழும் ஏழைத் தம்பியின் பெயரும் சேர்ந்துகொண்டதால் அவனுக்கு எந்த உதவியும் கிட்டாமற் போனதைப் போன்றது இது. 2014இல் பெயர் மீண்டபோது, அதற்கெனத் தனி மதிப்பீடு எதுவும் கையில் இல்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அறியப்பட்ட பாம்பு, அன்றுதான் பிறந்தது போன்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

மதிப்பீடு எவ்வாறு செய்யப்படுகிறது? ஓர் இனம் பரவியுள்ள நிலப்பரப்பு 5,000 சதுர கிலோமீட்டருக்குக் குறைவாயின், அருகிய இனம் என்று கருதுவதற்குரிய முதற்படியில் அது கால்வைத்துவிடும். சேர்வராயன் மலை முழுவதும் சேர்ந்தே ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் பரப்பு மட்டும் போதாது. வாழிடம் துண்டுபட்டிருத்தல் அல்லது வாழும் இடங்கள் மிகச் சிலவாயிருத்தல், வாழிடமோ எண்ணிக்கையோ தொடர்ந்து குறைதல், எண்ணிக்கை பெரிதும் ஏறி இறங்குதல் ஆகியவற்றுள் இரண்டேனும் நிறுவப்பட வேண்டும். இவ்விடத்தில்தான் மண்ணுக்குள் வாழும் பாம்பு எல்லா விலங்குகளிலும் பின்தங்கிவிடுகிறது. யானையை நின்ற இடத்திலிருந்தே எண்ணலாம். புலிக்குத் தானியங்கிப் படக்கருவி உண்டு. தவளை குரலெழுப்பும். கேடயவால் பாம்போ ஓசையற்றது, தடமற்றது. அதனை எண்ண வேண்டுமானால் கல்லைப் புரட்ட வேண்டும், இலைமட்கைக் கிளற வேண்டும், மண்ணைத் தோண்ட வேண்டும். தோண்டினால் அதன் வீடே போய்விடும். எத்தனை இருந்தன என்று தெரியாதபோது எத்தனை குறைந்தன என்று எவர் கூற இயலும்?

2022இல் நேச்சர் இதழில் உலக ஊர்வன அனைத்தையும் பற்றிய முதற் பெருமதிப்பீடு வெளிவந்தது. 10,196 இனங்கள் ஆராயப்பட்டன. அவற்றுள் 1,829 இனங்கள் அழிவின் அச்சுறுத்தலுக்கு உட்பட்டவை என்று கண்டனர். ஊர்வன என்றால் பாலைவனமும் பாறையுமே நினைவுக்கு வரும். ஆனால் வறண்ட நிலத்து ஊர்வனவற்றைவிடக் காட்டில் வாழ்வனவே பெரிதும் இடர்ப்பட்டுள்ளன என்பது அம்மதிப்பீட்டின் முடிவுகளுள் ஒன்று.

ஒரு மலையில் இல்லாவிட்டால் மறுமலைக்குப் போகாதா என்பது இயல்பாக எழும் ஐயம். போகாது. கிழக்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதி, மேற்குமலையைப் போன்று தொடர்ச்சியானது அன்று. சேர்வராயன், போதமலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சவ்வாது, ஏலகிரி எனத் தனித்தனியே எழுந்து நிற்பன. போளூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருப்போர் மேற்கே எழும் சவ்வாது மலையை நாள்தோறும் கண்டவர்கள். மேலே குளிரும் கீழே கத்திரி வெயிலும் ஒரே நாளில் நிலவுவதை அறிந்தவர்கள். குளிர்ந்த ஈரமண்ணில் பழகிய சிறு பாம்புக்குச் சமவெளியின் காய்ந்த செம்மண் கடலுக்கு ஒப்பானது. ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. தீவுக்குத் தீவு உயிர்கள் தனித்து நின்று, நெடுங்காலத்தில் வேறு வேறு இனங்களாகிவிட்டன.

இதற்குக் கொல்லிமலையே சான்று. எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே உள்ள அம்மலை வல்வில் ஓரியால் தமிழிலக்கியத்தில் புகழ்பெற்றது. சங்கப் புலவர் பாடிய மலையில், இருபத்தோராம் நூற்றாண்டு வரை பெயரில்லாத பாம்புகள் இருந்தன. 2013இல் ஏங்கல்சும் கணேசும் கொல்லிமலை, போதமலைப் பகுதியிலிருந்து ரைனோபிஸ் கோவேரி என்னும் புதிய கேடயவால் பாம்பை அறிவித்தனர். அதன் பேரினத்தைச் சேர்ந்தவை பெரும்பாலும் இலங்கையில் வாழ்வன. 2020இல் அதே கொல்லிமலையிலிருந்து மற்றொன்று வந்தது. கணேசும் அச்சுதனும் அதற்கு யூரோபெல்டிஸ் இராஜேந்திரனி என்று பெயரிட்டனர்.

இப்பெயரில் சிறிது நின்று செல்லல் வேண்டும். எம். வி. இராஜேந்திரன் பாளையங்கோட்டையில் கல்லூரி ஆசிரியராய் இருந்தவர். கேடயவால் பாம்புகளைத் தேடித் தென்மலைகளில் அலைந்து, அவற்றை வளர்த்து நோக்கி, தாம் கண்டவற்றை நூலாக்கினார். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1985இல் அதனை வெளியிட்டது. வெள்ளையர் ஆட்சியில் அலுவலர்கள் உடல்களைச் சேர்த்து இலண்டனுக்கு அனுப்பினார்கள். இராஜேந்திரன் உயிருள்ள பாம்பு என்ன தின்கிறது, எப்படி வாழ்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் ஒருவரின் பெயர் மலைப்பாம்பு ஒன்றுக்கு நிலைத்தது ஆசிரியர் குலத்துக்கே பெருமை. அவர் நூலைப் பாதுகாத்து வைத்திருக்கும் நூலகங்கள் எத்தனை என்று கேட்டால் அப்பெருமை சற்றுக் குறையும்.

இனி, இம்மலைகளின் மண்ணுக்கு நேர்ந்தவை.

1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த காக்பர்ன் என்பவர் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். காடுகள் தோட்டங்களாயின. எனினும் பழைய முறைக் காப்பித் தோட்டம் மண்ணுக்குப் பெரும்பகை அன்று. பலா முதலிய நாட்டு மரங்கள் நிழல் தர, இலைகள் உதிர்ந்து மட்கி, மண் ஈரமாகவும் புழுக்கள் நிறைந்தும் இருக்கும். அத்தகைய தோட்டங்களிலும், எருக்குழி ஓரங்களிலும், வாழைக் கட்டைகளின் அடியிலும் கேடயவால் பாம்புகள் வாழக்கூடியவை. அவற்றுக்குத் தேவை அடர்காடு என்பதைவிட, மூடிய மண். இதனைச் சிறப்பாகக் குறித்துக்கொள்ள வேண்டும். காட்டை வேலியிட்டுக் காப்பதோடு இப்பாம்பைக் காக்கும் வேலை முடிவதில்லை. அதன் வாழ்விடத்தில் பெரும்பகுதி தனியார் பட்டா நிலத்தில் உள்ளது.

அந்நிலத்தில் மாற்றம் பலவாறு வருகிறது. பலவகை நாட்டு நிழல்மரங்கள் போய், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் வரிசை வரிசையாக நிற்கிறது. களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் மண்புழுவைக் குறைத்தால், புழுவையே நம்பிய பாம்பு பட்டினி கிடக்கும். தோட்டம் மனைகளாகப் பிரிந்து விடுதியும் மாளிகையும் எழும்போது, சரிவு வெட்டப்பட்டு, மேல்மண் லாரியில் ஏறிப் போகிறது. எஞ்சியது சிமெண்ட்டின் அடியில் மறைகிறது. வெட்டிய சரிவின் செங்குத்துச் சுவரில் இப்பாம்பின் வளை அறுபட்டு வாய்திறந்து நிற்பதைப் பார்ப்பவர் யார்?

பாக்சைட் இன்னும் கொடிது. அலுமினியம் எடுப்பதற்கான இக்கனிமம் சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் மலையுச்சிகளில் மூடிபோலப் படிந்திருக்கிறது. மேட்டூரில் அலுமினிய ஆலை இயங்கிய காலத்தில் இரு மலைகளிலும் அது வெட்டி எடுக்கப்பட்டது. பானையின் மூடியைத் திறப்பது போன்று மலையின் மேல்தோலை உரித்தால்தான் அது கிடைக்கும். குளிர் விரும்பும் பாம்புக்கு உச்சியே உகந்த இடம். அங்கிருந்து மேலே செல்ல வேறு இடமும் இல்லை. கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் மரவள்ளி பரவியது. கிழங்கு எடுக்க மண்ணைப் புரட்டியாக வேண்டும். புரட்டிய மண் சரிவில் மழையோடு இறங்கிவிடும். இதற்காக மலைமக்களைப் பழிப்பது முறையன்று. சாமைக்கு விலை இல்லாதபோது, ஆலைக்காரர் வாங்கும் கிழங்கை நடாமல் அவர்கள் என்ன செய்வார்கள்?

சட்டம் இதனை அடியோடு மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பெயர் சுட்டிய சில பாம்புகளை முன் அட்டவணைகளில் வைத்து, எஞ்சிய பாம்புகளை எல்லாம் நான்காம் அட்டவணையில் அடக்கியது. 2022இல் அட்டவணைகள் திருத்தி அமைக்கப்பட்டன. ஆயினும், பாம்பைக் கொல்லாதே என்று தடுக்கும் சட்டத்தால், பாம்பு வாழும் பட்டா நிலத்து மண்ணை அள்ளாதே என்று தடுக்க இயலவில்லை. அடித்தவன்மேல் வழக்கு உண்டு; அடித்தளம் தோண்டியவன்மேல் இல்லை.

ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ தோட்டமோ வீடோ உடைய உறவினர் இவ்வவையினர்க்கு இருக்கக்கூடும். ஆய்வாளர்க்கு இன்று பெரிதும் வேண்டுவது, எந்த இடத்தில், எந்த நாளில், எந்த உயரத்தில் இப்பாம்பு காணப்பட்டது என்னும் எளிய குறிப்பே. மேலே சொன்ன மதிப்பீட்டுப் படிகளில் ஒவ்வொன்றும் அத்தகைய குறிப்புகளால் கட்டப்படுவது. இறந்து கிடந்த பாம்பும் அதற்குப் பயன்படும். தலை, வால்முனை, அடிவயிறு ஆகிய மூன்றும் தெரியக் கைப்பேசியில் படம் எடுத்து, இடத்தின் பெயரோடு அனுப்பினால் போதும். கிண்டியில் உள்ள சென்னைப் பாம்புப் பண்ணையில் இத்துறை அறிந்தோர் உள்ளனர். படத்தில் உள்ளது நஞ்சுடைய பாம்பாகவும் இருக்கலாம். ஆகவே, அடையாளம் அறியாதவர் எப்பாம்பையும் கையால் தொடுதல் கூடாது. உயிரோடு கண்டால், முறத்திலோ மண்வெட்டித் தகட்டிலோ மெல்ல ஏந்தி, வெயில் படாத இலைமட்கின் ஓரத்தில் விட்டால், நீர்த்துளி மணலில் இறங்குவது போல அரை நிமிடத்தில் உள்ளே இறங்கிவிடும். வால் மட்டும் சிறிது நேரம் வெளியே தெரியும். அதன்மேல் ஒட்டிய மண்கட்டியும் பின்னர் வளைவாயில் பொருந்திவிடும்.